காதால் பார்த்த சினிமாவும் கண்ணுக்குத் தப்பிய நடிகைகளும்

எழுபதுகளின் தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேச்சு எடுத்தால், மடுல்சீமையிலும் பசறையிலும் லுணுகலையிலும் முதலில் வருவது பாட்டுத்தான். அடுத்து வசனம். ‘அபூர்வ ராகங்கள்’ என்றால் ரஜினிகாந்த் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்த கதை. ‘அன்னக்கிளி’ என்றால் இளையராஜா வந்த கதை. ‘16 வயதினிலே’ என்றால் சப்பாணியும் பரட்டையும். இந்த மூன்று படங்களையும் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். ஸ்ரீவித்யாவின் பைரவியும் சுஜாதாவின் அன்னமும் காந்திமதியின் குருவம்மாளும் இல்லாவிட்டால் அந்தக் கதைகள் ஓர் அங்குலம் நகரா. அவர்கள் என்னதான் செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், ‘நல்லா நடிச்சாங்க’ என்பதோடு பேச்சு நின்றுவிடும். இதை மறதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பெயர் நினைவிருக்கிறது, முகம் நினைவிருக்கிறது, நடிப்பு மட்டும் நினைவில் இல்லை. அந்தப் பத்து ஆண்டுகளின் சினிமாவை நாம் பெரும்பாலும் காதால் பார்த்தோம். அந்த நடிகைகளின் மிகச் சிறந்த வேலையோ காதுக்கு எட்டாத இடத்தில் நடந்தது. அவர்கள் கவனிக்கப்படாமல் போனதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் வாதம்.

1970க்கும் 1977க்கும் இடையில் இலங்கையில் அந்நியச் செலாவணியை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். 1972இல் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வெளிநாட்டுப் படங்களின் இறக்குமதி போனது. சென்னையில் தீபாவளிக்கு வந்த படம் இங்கே எந்தத் தீபாவளிக்கு வரும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. பதுளைக்குப் படம் வந்து சேர்ந்தாலும் மலைத் தோட்டத்திலிருந்து இறங்கி ஏற ஒரு நாள் வேலை போய்விடும். ஆண்கள் எப்படியாவது போய் வந்தார்கள். கொழுந்து மலையும் அடுப்படியும் பிள்ளையும் ஒன்றாகக் கழுத்தில் தொங்கிய பெண்களுக்கு அந்த நாள் வாய்ப்பது அரிது. ஆனால் வானொலி எல்லோருக்கும் வந்தது. மின்சாரம் எட்டாத லயத்திலும் பற்றரியில் ஓடும் றேடியோ பாடிக்கொண்டிருந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவையில் கே.எஸ்.ராஜா ஒரு படத்தின் வசனத் துண்டை ஒலிக்கவிட்டு, மூச்சுவிடாமல் அதன் பெருமையைச் சொல்லி முடிக்கும்போது பாதிப் படம் பார்த்த மாதிரி இருக்கும். படம் நகரத்துக்கு வருமுன்னே பாட்டு மனப்பாடம், வசனம் மனப்பாடம். காது முன்னமே அறிந்துகொண்டதைச் சரிபார்க்கத்தான் கண் தியேட்டருக்குப் போனது.

தமிழ்நாட்டிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலும் திருவிழாப் பந்தலிலும் வசன இசைத்தட்டுகள் ஓடிய மண் அது. ‘பராசக்தி’ காலத்திலிருந்தே நல்ல நடிப்பு என்பது நல்ல உச்சரிப்பு, நீண்ட மூச்சு, உரிய இடத்தில் உடையும் குரல் என்று ஆகிவிட்டது. அந்த அளவுகோல் ஆண்களுக்கு வாய்ப்பாக அமைந்தது, நீளமான வசனங்களை அவர்களுக்குத்தானே எழுதினார்கள். பெண்ணுக்கு மிஞ்சியது அழுகையும் பாட்டும். பாட்டு வேறொருத்தியின் குரல். வேற்று மொழியிலிருந்து வந்த நடிகைகள் பலருக்கு வசனத்தின் குரலும் வேறொருத்தியுடையது. ஆக, வானொலியில் வந்துசேர்ந்த நடிகையில் அவளுடையது என்று எதுவும் இல்லாமல் போவதற்கே இடமிருந்தது.

‘அவள் ஒரு தொடர்கதை’யில் வரும் ‘தெய்வம் தந்த வீடு’ பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1974இல் வந்த படம், கே.பாலசந்தர் இயக்கியது. ஜேசுதாஸின் குரலில் அந்தப் பாட்டு இந்த மலைகளில் எத்தனை ஆயிரம் முறை ஒலித்திருக்கும் என்று கணக்கில்லை. காதால் கேட்டால் அது ஓர் ஆணின் தத்துவம். குடும்பப் பொறுப்பை உதறிவிட்டு அலைகிற அண்ணன், வீடு எது, வாசல் எது என்று பாடுகிறான். திரையில் பார்த்தால் கதை வேறு. அந்த அண்ணனின் மனைவி மக்கள் உட்பட வீட்டில் இருக்கும் அத்தனை வயிற்றையும் தன் சம்பளத்தில் நிரப்பும் தங்கை கவிதா எதிரே இருக்கிறாள். பாட்டு முழுவதும் சுஜாதாவுக்கு வேலை கேட்பது மட்டும்தான். உழைக்காத ஒருவன் உழைப்பவளுக்கு உலகத்தின் நிலையாமையைப் போதிக்கும்போது அவள் முகம் என்ன செய்ய வேண்டும்? அழுதால் அவன் ஜெயித்துவிடுவான், சீறினால் அவள் கொடுமைக்காரி ஆகிவிடுவாள். சுஜாதா இரண்டையும் செய்யவில்லை. கோபம் எழுந்து, பயன் இல்லை என்று தெரிந்து, உள்ளேயே அடங்கிப்போகிற அந்த அலுப்பை அவர் முகத்தில் நிறுத்திக் காட்டினார். பாட்டின் பொருளையே அந்த முகம் புரட்டிப் போடுகிறது. வானொலியில் கேட்டவருக்கு அண்ணன் ஞானி, திரையில் பார்ப்பவருக்கு அவன் கடன்காரன்.

சுஜாதா இலங்கையின் காலியில் 1952இல் பிறந்தவர். மலையாளக் குடும்பம், சிறுவயதை இங்கேயே கழித்துவிட்டுப் பிறகு கேரளத்துக்குப் போனார். தமிழில் அவருக்கு முதல் படமே இந்தக் கவிதா. இரண்டு ஆண்டு கழித்து ‘அன்னக்கிளி’. படம் என்ற வகையில் அதை யாரும் பேசுவதில்லை, பாட்டுப் புத்தகம் மாதிரி ஆகிவிட்டது. ‘மச்சானைப் பாத்தீங்களா’ என்றதும் எஸ்.ஜானகியின் குரலும் புதுவிதமான தாளமும் எழுந்து வருகின்றன. அந்தப் பாட்டுக்கு உடம்பு கொடுத்த கிராமத்துப் பெண்ணின் நடை எழுவதில்லை. கவிதாவையும் அன்னத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒருத்தி நகரத்து அலுவலகத்துக்குப் பஸ் ஏறுகிறவள், தோளை இறுக்கி, ஆட்களை இடித்துக்கொண்டு போகப் பழகியவள். மற்றவள் திறந்த வெளியில் வளர்ந்தவள், கையை வீசி நடக்கிறவள். ஒரே உடம்பில் இரண்டு நடை. இதற்கு வசனம் எதுவும் கிடையாது, வானொலியில் ஒலிபரப்பவும் முடியாது. ‘அவர்கள்’ (1977) படத்தில் கணவனாக வரும் ரஜினிகாந்தின் கொடுமையையும் கமல்ஹாசனின் பொம்மையையும் எல்லோரும் சொல்வார்கள். நடுவில் நின்று, அடுத்து யாரை நம்புவது என்று ஒவ்வொரு காட்சியிலும் கணக்குப் போடுகிற அனுவைச் சொல்பவர்கள் குறைவு.

ஸ்ரீவித்யாவுக்கு நடந்தது இதைவிடக் கூர்மையான அநியாயம். 1975இல் ‘அபூர்வ ராகங்கள்’ வந்தபோது அவருக்கு வயது 22. பருவம் வந்த மகளுக்குத் தாயாகவும், தன்னைவிட மிக இளையவனால் காதலிக்கப்படும் பாடகியாகவும் வருகிறார். அந்த இளையவனாக நடித்த கமல்ஹாசனுக்கும் அவருக்கும் நிஜத்தில் ஏறத்தாழ ஒரு வயதுதான் வித்தியாசம். மகளாக நடித்த ஜெயசுதாவுக்கும் அவருக்கும் ஐந்து வயது. அதாவது கதையின் அடித்தளமான வயது இடைவெளி நிஜத்தில் இல்லவே இல்லை, முழுவதையும் அவர்தான் உண்டாக்க வேண்டும். தலையில் நரை வைத்துக் கிழவியாக்குகிற வேடமும் அல்ல. அழகாகவும் இருக்க வேண்டும், வாழ்க்கை ஒரு முறை அடித்துப் போட்டவளாகவும் தெரிய வேண்டும். அவர் எடுத்துக்கொண்ட வழி நிதானம். திரும்பும்போது முதலில் கண்ணைத் திருப்பி, கொஞ்சம் பொறுத்துத்தான் முகத்தைத் திருப்புகிறார். பேசுமுன் சிறு இடைவெளி விடுகிறார். அவசரப்படுகிற இளைஞனுக்கு எதிரே இந்தப் பொறுமையே பத்துப் பதினைந்து வயதைக் கூட்டிவிடுகிறது. எம்.எல்.வசந்தகுமாரியின் மகள் அவர். மேடையில் ஒரு பாடகி எப்படி உட்காருவாள், எந்த இடத்தில் கண்ணை மூடுவாள் என்று யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ பாட்டுக்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. தகுதியான விருதுதான். அதே பாட்டைத் திரையில் உட்கார்ந்து நம்ப வைத்தவருக்கு அந்த விருதில் ஒரு சொல் பங்கும் இல்லை.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். கவனிக்கப்படவில்லை என்று எப்படிச் சொல்வது? ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்காக லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்ததே. தமிழ்ப் படத்தில் நடித்து அந்த விருதைப் பெற்ற முதல் நடிகை அவர். ‘பசி’க்காக ஷோபாவுக்கும் கிடைத்ததே. கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் விருது வேறு, பார்வை வேறு. லட்சுமியின் கங்காவைப் பற்றி எழுதியவர்களில் அதிகம் பேர் எழுதியது ஜெயகாந்தனின் நாவலைப் பற்றி. கங்கா செய்தது சரியா தப்பா என்ற வழக்கைப் பற்றி. லட்சுமி அந்தப் பாத்திரத்துக்குக் கொடுத்த விறைப்பை, யாரும் தன்னைத் தொட்டுவிடாதபடி எப்போதும் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு உட்காரும் அந்த உடல்மொழியை எத்தனை விமர்சனங்கள் தொட்டன? ஷோபாவின் கதை இன்னும் வேதனையானது. 1980 மே மாதம், பதினேழு வயதில் அவர் இறந்தார். அதன்பிறகு அவரைப் பற்றிய பேச்சு முழுவதும் அவருடைய சாவைப் பற்றிய பேச்சாகிவிட்டது. மலையாளத்தில் கே.ஜி.ஜார்ஜ் எடுத்த ஒரு படத்தை, அது ஷோபாவின் கதைதான் என்றே பார்த்தார்கள். அவர் எப்படி இறந்தார் என்று கேட்டவர்களில் பத்தில் ஒருவர் அவர் எப்படி நடித்தார் என்று கேட்டிருந்தால் தமிழில் நடிப்பைப் பற்றி ஒரு நல்ல புத்தகமாவது வந்திருக்கும்.

துரை இயக்கிய ‘பசி’யில் ஷோபா குப்பை பொறுக்கும் பெண். சென்னைச் சேரியில், ரிக்‌ஷா இழுப்பவரின் மகள் குப்பம்மா. வறுமையை நடிக்கச் சொன்னால் நடிகைகள் வழக்கமாகக் கண்ணில் அதைக் காட்டுவார்கள். இவர் கையில் காட்டினார். குப்பையைக் கிளறும்போது அருவருப்பு கிடையாது, பரிதாபத்துக்கான தயக்கமும் கிடையாது. எது காசாகும், எது ஆகாது என்று தெரிந்த கை அது. இந்த வேலைதெரிந்த தன்மையை இங்கே வாசிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பழகாத கையையும் பழகிய கையையும் கொழுந்து மலையில் ஒரே பார்வையில் பிரித்துவிடுவார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஒடிக்கிற கை அந்த இலையைப் பார்ப்பதில்லை, கண் அடுத்த செடியில் இருக்கும். ஷோபாவின் கை அந்த வகை. பதினாறு, பதினேழு வயதில் அதை எங்கே கற்றார் என்பதுதான் வியப்பு.

அடுத்த மறுப்பு இன்னும் வலுவானது. இதெல்லாம் இயக்குநர்களின் வெற்றி, நடிகைகள் சொன்னதைச் செய்தார்கள் என்பது. பாலசந்தர் ஒவ்வொரு அசைவையும் தானே நடித்துக் காட்டுவார் என்று அவரிடம் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மகேந்திரனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், மௌனம் அவருடைய முத்திரை. 1974இல் சிவாஜி கணேசனின் ‘தங்கப்பதக்க’த்துக்கு வசனம் எழுதிப் புகழ்பெற்ற அதே மனிதர், தானே இயக்க வந்தபோது வசனத்தைக் கழித்துக் கழித்துப் படம் எடுத்தார். ஆகவே பெருமை அவருக்குத்தானே? பாதி உண்மை இது. மற்றப் பாதிக்குப் பாலசந்தரே சாட்சி. ‘அவள் ஒரு தொடர்கதை’யை அவர் 1976இல் தெலுங்கில் ஜெயப்பிரதாவை வைத்தும், 1983இல் கன்னடத்தில் சுஹாசினியை வைத்தும் மறுபடி எடுத்தார். இயக்குநர் ஒருவர், கதை ஒன்று, பாத்திரம் ஒன்று. மூன்று படத்தில் மூன்று பெண்கள். ஜெயப்பிரதாவிடம் சோகம் முந்தி நிற்கிறது; சுஹாசினியிடம் துடிப்பு. குடும்பத்தின்மேல் அன்பும் வெறுப்பும் ஒரே நேரத்தில் ஓடுகிற அந்தக் கசப்பு சுஜாதாவிடம் மட்டுமே இருக்கிறது. நடித்துக் காட்டியவர் ஒருவரே என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

மகேந்திரனின் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. வசனத்தைக் கழிக்கும்போது இயக்குநர் செய்வது இடத்தைக் காலி செய்து கொடுப்பது. அந்த இடத்தில் நிற்க ஆள் வேண்டும். ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தில் அஸ்வினி நின்றார். கன்னடத்திலிருந்து வந்தவர், தமிழில் பெரிய பெயர் எதுவும் இல்லை. நோயாளி மனைவி, இரண்டு பிள்ளைகளின் தாய். கணவனோ அவள் தங்கையை மணக்க ஆசைப்படுகிறவன். விஜயனின் சுந்தரவடிவேலுதான் படத்தின் பேசுபொருள் ஆனான், கடைசியில் ஆற்றங்கரையில் அவன் பேசுவதைப் பலரும் ஒப்பிப்பார்கள். ஆனால் அவனைக் கொடியவன் என்று பார்ப்பவர் முடிவு செய்வது எங்கே? அவன் பேசும்போது அஸ்வினி அவனைப் பார்க்காமல் இருக்கும் விதத்தில்தான். பல வருடம் அடி வாங்கியவளுக்கு எந்தச் சொல்லுக்குப் பிறகு என்ன வரும் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே குனிந்துவிடுகிறாள். அந்தக் குனிவில் பழைய வருடங்கள் எல்லாம் தெரிகின்றன. ‘அழகிய கண்ணே’ பாட்டை நாம் தாலாட்டு என்று கேட்டோம். பார்த்தால் அது, தான் அதிக நாள் இருக்கப்போவதில்லை என்று அறிந்த ஒரு தாய் பிள்ளைகளைக் கண்ணால் நிரப்பிக்கொள்ளும் காட்சி.

‘முள்ளும் மலரும்’ (1978) மலைநாட்டுக்காரர்களுக்கு நெருக்கமான படம். மலை, விஞ்ச், துரைமார் மாதிரி ஓர் எஞ்சினியர், கூலிக்கு வேலை செய்யும் கூட்டம். ரஜினிகாந்தின் காளியைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. அவன் ஒரு கையை இழந்து வீடு திரும்புகிற காட்சியில் தங்கை வள்ளியாக ஷோபா என்ன செய்கிறார் என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். அந்த இழப்பு நமக்கு வலிப்பது அவர் வழியாகத்தான். ஆனால் அந்தப் படத்தில் நான் முக்கியமாகப் பேச விரும்புவது மங்காவைப் பற்றி, படாபட் ஜெயலட்சுமியைப் பற்றி.

மங்காவுக்குப் பசி அதிகம். பிழைக்க வந்தவள், சாப்பாட்டைக் கண்டால் விடமாட்டாள், கல்யாண இரவில்கூட சோற்றையும் குழம்பையும் பற்றித்தான் பாடுகிறாள். எழுதப்பட்ட அளவில் இது சிரிப்புக்கான பாத்திரம். பெருந்தீனிக்காரி என்பது தமிழ் சினிமாவில் பழைய நகைச்சுவை. ஜெயலட்சுமி அதை அப்படி விட்டுவிடவில்லை. அவர் சாப்பிடும்போது அதில் வெட்கம் இல்லை, வேடிக்கை காட்டும் நோக்கமும் இல்லை. நாளைக்குக் கிடைக்குமா என்று தெரியாதவள் இன்றைக்கு உண்கிற அவசரம் இருக்கிறது. 1973, 74இல் இந்தத் தோட்டங்களில் என்ன நடந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவும் அரிசியும் கிடைக்காமல் பசியால் ஆட்கள் செத்த வருடங்கள் அவை. சோற்றைப் பற்றி ஆசை ஆசையாகப் பேசுவது பெண்ணுக்கு இழுக்கு என்று சொன்ன சமூகத்துக்கு நடுவில், சாப்பாட்டின்மேல் ஆசையுள்ள ஒருத்தியைக் கேலியாக்காமல், அன்புக்குரியவளாகத் திரையில் நிறுத்திய நடிகை இவர். ‘அவள் ஒரு தொடர்கதை’யில் துள்ளித் திரியும் சந்திராவாக வந்து, அந்தப் பாத்திரம் அடிக்கடி சொல்லும் சொல்லே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ள, அதையே கடைசிவரை சுமந்தார். ‘ஆறிலிருந்து அறுபது வரை’யில் (1979) வறுமைப்பட்ட ஒரு குடும்பத்தின் மனைவியாக அவர் வந்ததையும் ரஜினிகாந்தின் சாதனையாகவே எழுதி முடித்தார்கள். 1980இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவரைப் பற்றித் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி அந்த முடிவைப் பற்றிய வம்பு. மங்காவைப் பற்றி முழுதாக ஒரு பக்கம் தேடுவது சிரமம்.

காந்திமதியை வைத்து என் வாதத்தையே மடக்கலாம். அவர் குரலுக்காகவே அறியப்பட்டவர், ‘16 வயதினிலே’யின் குருவம்மாளின் வசவு வானொலிக்கென்றே செய்தது மாதிரி இருக்கும், அவரை மட்டும் ஏன் மறந்தோம்? வசவை மறக்கவில்லையே. வசவைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். வாய் திட்டிக்கொண்டிருக்கும்போது கை வேலையை நிறுத்தாததை மறந்தோம். ஆண் துணையில்லாமல் வயதுப் பெண்ணை வளர்க்கும் தாய் அவள். ஊர் வாய்க்கு முந்திக்கொண்டு தன் வாயைத் திறந்து வைத்திருப்பது அவளுடைய வேலி. மகளின் பேர் ஊரில் கெட்டுப்போனதும் அந்த வாய் ஓய்ந்துபோகிறது, அத்தோடு அவளும் போய்விடுகிறாள். அதுவரை கேட்ட இரைச்சலெல்லாம் பயத்தின் இரைச்சல் என்று அப்போதுதான் புரிகிறது. இதே வரிசையில் ‘அவர்கள்’ படத்தில் மாமியாராக வரும் கன்னட நடிகை லீலாவதியைச் சேர்க்க வேண்டும். மகன் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, யாரென்று சொல்லாமல் மருமகளின் வீட்டில் வேலைக்காரியாக இருக்கிற தாய். ‘அரங்கேற்ற’த்தில் எம்.என்.ராஜமும் ‘சில நேரங்களில் சில மனிதர்க’ளில் சுந்தரிபாயும் அம்மாக்களே. நாயகிக்குக் கிடைத்த அரைக்கவனமும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பெண்ணிய நோக்கில் எழுதுகிறவர்கள் வேறொரு கேள்வி கேட்கிறார்கள். இந்தப் படங்கள் எல்லாம் பெண்ணைத் தண்டித்து முடிகின்றன. ‘அரங்கேற்ற’த்தில் குடும்பத்துக்காக உடலை விற்கும் லலிதா கடைசியில் பித்துப் பிடித்து அலைகிறாள், குப்பம்மா பிரசவத்தில் சாகிறாள், அன்னம் தீயில் போகிறாள், கவிதா தன் கல்யாணத்தைத் தியாகம் செய்துவிட்டு மறுபடியும் பஸ் ஏறுகிறாள். தியாகத்தைப் போற்றுகிற கதையில் நன்றாக நடித்தது அந்தத் தியாகத்தை விற்க உதவியது ஆகாதா? கேள்வியில் நியாயம் இருக்கிறது, கதைகளை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் கதையும் நடிப்பும் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. 1973இல் பிரமீளா அந்த லலிதாவைச் செய்தபோது திரைக்கதை அவளைப் பாவம் பார்க்கச் சொன்னது. பிரமீளா பாவத்தைக் கேட்கவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவளின் மிடுக்கோடு வந்து நிற்கிறார். அந்தப் பணத்தைத் தின்ற குடும்பம் முகத்தைத் திருப்பும்போது அவர் கண்ணில் இருப்பது குற்றவுணர்வைவிட அதிகமாக ஆச்சரியம்: இவர்களுக்கா இவ்வளவும் செய்தேன் என்று. கதை அவளைத் தண்டிக்கிறது. நடிப்பு அந்தத் தண்டனைக்கு ஒப்பவில்லை. எழுதியவர்களும் இயக்கியவர்களும் ஆண்களாகவே இருந்த காலத்தில் ஒரு நடிகைக்கு எதிர்ப்புக் காட்டக் கிடைத்த இடம் அவ்வளவுதான், அந்த இடத்தை இவர்கள் விடவில்லை. அதைப் பார்க்காமல் கதையை மட்டும் வாசித்து ஒதுக்கினால், பாட்டை மட்டும் கேட்டு ஒதுக்கியவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது.

இதை மடுல்சீமையிலிருந்து ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். படம் எடுத்தது கோடம்பாக்கம், நடித்தவர்களில் பலர் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்தவர்கள். ஆனால் வேலையைக் கண்ணால் அளக்கத் தெரிந்த பெண்கள் இங்கே இருக்கிறார்கள், வேலையைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்றால் என்னவென்றும் அவர்களுக்குத் தெரியும். இந்த மலைகளில் அதே மலை, அதே வெயில், அதே பனியில் நின்ற பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான் 1984 வரை இருந்தது. தேயிலைப் பெட்டியில் அவள் படம் இருக்கும், சிரித்த முகமாக, கூடையோடு. இலை ஒடிக்கிற கை பெட்டியின் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும். எழுபதுகளின் நடிகைகளுக்குச் சினிமா வரலாறு போட்டது நம் கணக்கப்பிள்ளைமார் போட்ட அரைப்பேர் மாதிரியானது: நாள் முழுக்க மலையில் நின்றதற்குச் செக்ரோலில் பாதி.

இப்போது அந்தப் படங்கள் பலவும் கைபேசியிலேயே கிடைக்கின்றன. லயத்து வாசலில் உட்கார்ந்து பார்க்க முடிகிறது, நிறுத்திப் பார்க்க முடிகிறது, ஒலியைக் குறைத்துவிட்டும் பார்க்க முடிகிறது. ஒலியைக் குறைத்துப் பார்ப்பதை நான் உண்மையாகவே பரிந்துரைக்கிறேன். பாட்டை அறிந்த படம் ஒன்றைச் சத்தமில்லாமல் பத்து நிமிடம் பார்த்தால், அந்தப் பத்து நிமிடத்தில் வேலை செய்துகொண்டிருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். நம் அயலிலேயே இருந்து நாம் பார்க்கத் தவறியவர்களையும் இதே முறையில் பார்க்கலாம். மாலினி பொன்சேகாவைத் தமிழர்கள் அறிந்தது பெரும்பாலும் ‘பைலட் பிரேம்நாத்’ (1978) வழியாக, சிவாஜிக்கு ஜோடியாக. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘நிதானய’வில், தன்னைப் பலிகொடுக்கவே மணந்த கணவனை நம்பி வாழும் மனைவியாக அவர் செய்த அமைதியான வேலை அஸ்வினிக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது.

கைபேசியில் எளிதில் கிடைக்காதவற்றில் பல நம்முடையவை. 1975இல் வி.பி.கணேசன் நடித்துத் தயாரித்த ‘புதிய காற்று’ மலையகத் தொழிலாளர் வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்ட தெளிவத்தை ஜோசப்பின் எழுத்து அதில் இருந்தது. யாழ்ப்பாணத்தைக் களமாக்கி தர்மசேன பத்திராஜா 1977இல் ‘பொன்மணி’யை எடுத்தார், காவலூர் இராசதுரையின் எழுத்தில், சீதனமும் சாதியும் ஒரு வீட்டுப் பெண்களை என்ன செய்கின்றன என்று அது பேசியது. வசூல் இல்லாமல் போன படம். அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவலிலிருந்து ‘வாடைக்காற்று’ வந்தது, ஆனந்தராணியும் சந்திரகலாவும் நடித்தார்கள். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது இந்த நாட்டுத் திரைப்படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகளும் எரிந்தன. இந்தப் படங்களில் நடித்த பெண்களைப் பற்றி எழுதியிருப்பதைத் தேடிப் படித்தால் பெயர்ப் பட்டியலைத் தாண்டி அதிகம் கிடைக்காது: எந்தக் காட்சியில் என்ன செய்தார்கள், எப்படி நின்றார்கள், எது மனதில் தங்கியது என்று ஒரு பத்தி இல்லை. அவற்றை அன்று தியேட்டரில் பார்த்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்தவர்கள். பதுளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் அவர்கள் இருக்கிறார்கள். கதை என்ன, பாட்டு என்ன என்று அவர்களிடம் எல்லோரும் கேட்டாயிற்று. அந்தப் பெண்கள் திரையில் கையை என்ன செய்தார்கள், கேட்டுக்கொண்டிருந்தபோது முகம் எப்படி இருந்தது என்று இனிக் கேட்க வேண்டும், கேட்டதை எழுதியும் வைக்க வேண்டும். பள்ளிக்கூடத்து உயர்தர மாணவர்கள் ஒரு தவணை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது.